மறைத்து வைத்த பத்திரம்
(பாயான் லெப்பாஸ் தொழிலாளர் கூட்டத்தில் ஒரு கிராணி ஆற்றிய உரை)

துப்பறியும் கதையென்றால் விடிய விடியப் படிக்கிறோம். நடந்த கதை ஒன்று கேளுங்கள். வறுமையில் பெற்றோர் அடகு வைத்த இந்தியப் பெண் மதலேன், ரெயூனியன் தீவுத் தோட்டத்தில் அடிமையானாள். எஜமானி 1789-ல் விடுதலைப் பத்திரம் பதிந்தாள். மதலேனிடமோ மூச்சு விடவில்லை என்றார்கள் பிள்ளைகள். 1808-ல் எஜமானி இறக்கும்வரை உழைத்தாள்!

மகன் ஃபுர்சி 1817-ல் “நான் சுதந்திர மனிதன்” என்று வழக்காடினான். சிறையில் தள்ளினார்கள், தளரவில்லை. 1843-ல் பாரிஸ் நீதிமன்றம், அவன் பிறவியிலேயே சுதந்திரன் என்றது. இருபத்தாறு ஆண்டுகள்!

தோழர்களே, நம் பெயரில் எழுதிய காகிதத்தை நாமே வாசிக்க வேண்டும். வாசிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.