இரண்டே முக்கால் லட்சம் கருத்துகள்: படித்தது யார், பதில் சொன்னது யார்?

(இணைய அணி பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களைச் சேர்த்திருக்கிறோம்.)



போன வாரம் ஒரு தோழர் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "இந்த வரைவுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கணும். கீழே இருக்கிறதை அப்படியே காப்பி பண்ணி இந்த முகவரிக்கு மெயில் போடுங்க, ஒரு நிமிஷம் போதும்." நானும் போட்டேன். உங்களில் பாதிப் பேர் போட்டிருப்பீங்க. போட்ட பிறகுதான் யோசனை வந்தது. இதை யார் படிப்பாங்க? படிச்சாங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு ஒரு பழைய கதை சொல்றேன். அமெரிக்கக் கதை. அந்த அரசாங்கத்தைப் புகழ்வதற்காக இல்லை. இணையம் குழந்தையாக இருந்த காலத்தில், ஒரு வரைவை மக்கள் எழுதியே திருப்பி அனுப்பினாங்க. அது எப்படி நடந்ததுன்னு பார்க்கணும்.

1997 டிசம்பர் 16. அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு வரைவு விதியை அரசிதழில் வெளியிடுது. எந்த உணவுக்கு "ஆர்கானிக்" என்று பெயர் போடலாம் என்பதற்கான விதி. இதற்கான சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. வரைவு விதி எழுதவே ஏழு வருஷம். அப்படிக் காத்திருந்து வந்த வரைவைப் பிரித்துப் பார்த்தால் விவசாயிகளுக்கு அதிர்ச்சி. மரபணு மாற்றப்பட்ட விதை, கதிர்வீச்சு பாய்ச்சிய உணவு, நகரத்துக் கழிவுநீரை சுத்திகரித்த பிறகு மிஞ்சுகிற கசடை உரமாகப் போடுவது, இந்த மூன்றையும் வரைவு தடை செய்யவில்லை. "உங்கள் கருத்து என்ன?" என்று கதவைத் திறந்து வைத்திருந்தது. சாக்கடைக் கசடு போட்டு விளைந்த கீரைக்கு ஆர்கானிக் முத்திரை! இருபது வருஷமாக ரசாயனம் தொடாமல் நிலத்தைக் காப்பாத்தின ஒரு விவசாயி இதை எப்படி எடுத்துக்குவார்?

அந்தத் துறை வழக்கமான வேலையோடு புதுசா ஒண்ணு செய்தது. வரைவு முழுவதையும் இணையத்தில் போட்டது. தபால், ஃபேக்ஸோடு சேர்த்து இணையம் வழியாகவும் கருத்து அனுப்பலாம் என்றது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, வந்த கருத்துகளை யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி இணையத்தில் வெளியிட்டது.

இன்னிக்கு இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் அன்னிக்கு கூகுள் நிறுவனமே பிறக்கவில்லை. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்து இரண்டரை வருஷம்கூட ஆகலை. 1995 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. தொலைபேசி வயரை மோடத்தில் செருகி, கீச்சுன்னு அது கத்தி முடிக்கிற வரை காத்திருக்கணும். அதுவரை, மற்றவர்கள் என்ன எழுதியிருக்காங்கன்னு பார்க்கணும்னா வாஷிங்டனுக்குப் போய், அலுவலகத்தில் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கணும். கம்பெனிக்காரர்களுக்கு அதற்கு வக்கீல் இருந்தார். அயோவாவில் மாடு கறக்கிறவருக்கு யார் இருந்தா?

இப்போ அவர் வீட்டிலிருந்தே படிக்கலாம். கம்பெனி என்ன எழுதியிருக்கு, பக்கத்து மாநிலத்து விவசாயி என்ன எழுதியிருக்கார், எல்லாம். ஒருத்தர் சொன்ன விவரத்தை இன்னொருத்தர் பிடிச்சுக்கிட்டு மேலே எழுதலாம். நேரில் பேச விரும்பியவர்களுக்கு ஆஸ்டின், ஏம்ஸ், சியாட்டில், நியூ பிரன்சுவிக் என்று நான்கு ஊர்களில் கூட்டமும் நடந்தது.

கருத்துச் சொல்ல முதலில் 90 நாள் கொடுத்தார்கள். பிறகு 1998 ஏப்ரல் 30 வரை நீட்டித்தார்கள். வந்து சேர்ந்த கருத்துகள் 2,75,603.

மே மாதமே வேளாண்மைச் செயலாளர் டான் கிளிக்மன் இறங்கி வந்தார். அந்த மூன்றும் ஆர்கானிக்கில் இருக்காது என்று அறிவித்தார். 2000 மார்ச்சில் வரைவைப் புதிதாக எழுதி மறுபடியும் கருத்துக் கேட்டாங்க. இந்த முறை 40,774. அந்த டிசம்பரில் இறுதி விதி வந்தது, 2002 அக்டோபரில் அமலுக்கு வந்தது. மூன்று தடையும் இன்றுவரை இருக்கு.

இங்கே நிறுத்திவிட்டால் கைதட்டிவிட்டுப் போயிடலாம். ஆனால் முழுசா சொல்லணும். அந்த இரண்டே முக்கால் லட்சத்தில் பெரும்பகுதி தபாலிலும் ஃபேக்ஸிலும் வந்ததுதான். நிறைய பேர் அச்சடித்த கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டவர்கள், நம்ம வாட்ஸ்அப் மெயில் மாதிரி. அப்படியானால் இணையம் செய்தது என்ன? கதவை வெளிச்சத்தில் வைத்தது. மீதியைச் செய்தது 1946-ல் வந்த ஒரு நடைமுறைச் சட்டம். அந்தச் சட்டப்படி, வந்த கருத்துகளை அரசுத் துறை பரிசீலிக்கணும். இறுதி விதிக்குக் காரணம் சொல்லணும். முக்கியமான ஆட்சேபணைக்குப் பதில் இல்லாமல் விதி போட்டால் நீதிமன்றம் அதை ரத்து செய்ய முடியும். அதனால்தான் 2000-ஆம் ஆண்டு வரைவில் பக்கம் பக்கமாக எழுதினாங்க: இந்தக் கருத்து வந்தது, இதை ஏற்று மாற்றினோம், இது வந்தது, இன்ன காரணத்தால் ஏற்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமவாய்ப்பு பற்றி 118 பக்க ஆவணம் வெளியிட்டு 20 கேள்வி கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது. அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து அத்தனையையும் டிராய் வெளியிட்டது பெரிய தப்பு. கருத்தை வெளியிடணும், முகவரியை ஏன் வெளியிடணும்? அதே வருஷக் கடைசியில் ஃபேஸ்புக் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்காகப் பொத்தானை அழுத்தி அனுப்புகிற ஆதரவு மெயில்களை லட்சக்கணக்கில் திரட்டியது. நாங்கள் கேட்ட கேள்விகளுக்கு இதில் பதிலே இல்லையே என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8-ல் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. ஆக, எண்ணிக்கை மட்டும் வேலைக்கு ஆகாது. அது நமக்கும் சேர்த்துத்தான்.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு. ஊரில் ஆலை வருவதற்கு முன் நடக்கிற கருத்துக் கேட்புக்கு மக்கள் தயாராகிற 30 நாளை 20 ஆகக் குறைக்கிற வரைவு அது. அதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் போட்டாங்க. எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் மொழிபெயர்த்து வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழில் படிக்கவே முடியாத வரைவுக்கு மீஞ்சூர்க்காரர் எப்படிக் கருத்துச் சொல்வார்?

2025 ஜனவரியில் இன்னும் ஒரு படி கீழே. தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்குக் கருத்துக் கேட்ட அமைச்சகம், வருகிற கருத்துகளை 'நம்பகப் பொறுப்பில்' வைத்திருப்போம், எந்தக் கட்டத்திலும் யாருக்கும் வெளியிட மாட்டோம் என்றது. அந்தச் சொல்லைக் கவனிங்க. தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் உள்ள விலக்குகளில் ஒன்று அதே சொல். தற்செயலாக விழுந்த சொல் என்று நான் நம்பலை. பெருநிறுவனங்கள் என்ன கேட்டன, எது ஏற்கப்பட்டது என்று நீங்களும் நானும் பார்க்க முடியாது. 1998-ல் மோடம் வைத்திருந்த விவசாயிக்கு இருந்த வசதி, கையில் 5ஜி வைத்திருக்கிற நமக்கு இல்லை.

இங்கேயும் ஒரு கொள்கை இருக்கு. வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்கணும், எளிய மொழியில் விளக்கம் தரணும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிடணும் என்று 2014-ல் மத்திய அரசே முடிவெடுத்தது. ஆனால் அது சட்டம் இல்லை. மீறினால் கேட்க ஆளில்லை. நாம் கேட்க வேண்டியது அதைச் சட்டமாக்கணும் என்பதைத்தான்.

அதுவரைக்கும் நம்ம கையில் இருக்கிற வேலை இது. வரைவைப் படிங்க, குறைஞ்சது உங்க ஊருக்குச் சம்பந்தப்பட்ட பத்தியையாவது. அந்தப் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்க. "வன்மையாகக் கண்டிக்கிறோம்" வேண்டாம், அதை மேடையில் வச்சுக்கலாம். உங்க ஏரி, உங்க கிணறு, உங்க தொழிலுக்கு என்ன ஆகும்னு எழுதுங்க. தமிழிலேயே எழுதுங்க. அவங்க வெளியிடாட்டி நாம வெளியிடுவோம். அனுப்பின மெயிலின் நகலை, முகவரியையும் போன் நம்பரையும் அழிச்சிட்டு, இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க.

நான் காப்பி பண்ணி அனுப்பின மெயில் போனது போனதுதான். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு. இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து என் சொந்த வார்த்தையில் இன்னொண்ணு எழுதப் போறேன். முதல் நகலா அது கீழே வரும்.