பதிமூன்று வேகங்கள்

(அவனியாபுரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆயுர்வேத வாழ்க்கை" என்று தலைப்பைக் கையில் கொடுத்து, இருபது நிமிஷம் பேசணும் என்று சொல்லிவிட்டார் செயலாளர். நான் வைத்தியர் இல்லை. 1985-ல் வேதியியல் முடித்து, அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடியிருப்பது இதே அவனியாபுரத்தில். கஷாயம், லேகியம் பற்றி என்னிடம் எதுவும் கிடைக்காது. வேதியியல்காரி என்ற முறையில் ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. ஆகவே தகுந்த வைத்தியரைப் பார்க்காமல் டப்பா மருந்து வாங்கிச் சாப்பிடாதீர்கள். நான் பேசப்போவது காசு கொடுத்து வாங்கமுடியாத பகுதியைப் பற்றி.

தை முதல் நாள் நம்ம ஊர் ஜல்லிக்கட்டு. காளை வளர்க்கிற வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்க. சாணம் இளகியிருக்கா, மூக்கு ஈரமா இருக்கா, தண்ணீர் குடிச்சதா, அசை போட்டதா என்று விடிந்ததும் பார்த்துவிடுவார். வாய் பேசாத ஜீவனின் உடம்பை அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். அதே மனுஷனிடம், "அண்ணே, நேற்று நீங்க எத்தனை மணிக்குத் தூங்கினீங்க, காலையில் வயிறு சுத்தமாச்சா?" என்று கேட்டால் சிரிப்பார். நாமும் அப்படித்தான். மாட்டுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியை நமக்குக் கொடுத்தால் போதும் என்பேன்.

அந்தக் கவனத்தை எங்கே வைக்கவேண்டும் என்று வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயம் நேராகச் சொல்கிறது. அதன் முதல் பகுதியில் நான்காம் அத்தியாயம் முழுக்க நோய் வராமல் பார்த்துக்கொள்வது பற்றியது. தொடக்கமே, அடக்கக் கூடாத 13 "வேகங்கள்". வேகம் என்றால் ஓட்டப்பந்தய வேகம் இல்லை. உடம்பு உள்ளிருந்து கொடுக்கிற உந்துதல். வாயு, மலம், சிறுநீர், தும்மல், தாகம், பசி, தூக்கம், இருமல், உழைத்தபின் வரும் மூச்சிரைப்பு, கொட்டாவி, கண்ணீர், வாந்தி, விந்து. நம் சித்த வைத்தியத்தில் 14 என்று எண்ணுவார்கள். கணக்கில் ஒன்று கூடக் குறைய இருந்தாலும் கருத்து ஒன்றுதான். உடம்பு கூப்பிட்டால் போகணும். கூப்பிடாதபோது முக்கி வரவழைக்கவும் கூடாது. அதையும் சேர்த்தே சொல்கிறார். அதே அத்தியாயத்தில், அடக்கியே ஆகவேண்டிய வேகங்கள் என்று பேராசை, பொறாமை, பகை இவையும் வருகின்றன. நாம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். கோபம் வந்தால் அந்த நிமிஷமே கொட்டிவிடுகிறோம், கொட்டாவி வந்தால் கையால் பொத்துகிறோம்!

கண்ணீரை எடுத்துக்கொள்ளுங்க. ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று சொல்லியே வளர்க்கிறோம். அழுகையை அடக்கினால் தலைவலி, நெஞ்சுவலி என்று அந்த நூல் வரிசையாகச் சொல்கிறது. தூக்கம்? மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர் வைத்துப் பெருமைப்படுகிறோம். ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குக் காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கிற தம்பிகள் இங்கே இருக்கிறீர்கள், தெரியும். நைட் டூட்டிக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்கும் வழி சொல்லியிருக்கு. விழித்த நேரத்தில் பாதி நேரம் மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன்னாடி, தூங்க வேண்டும். விமான நிலையத்தில் இரவு வேலை பார்க்கிற பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு. வந்ததும் டிபனை முடித்துவிட்டுப் படுக்கிறவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஓரிருவர் கேட்டார்கள்.

சாப்பாட்டைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு தண்ணீர், கால் பங்கு காலி. உடற்பயிற்சி பலத்தில் பாதி வரைக்கும்தான், அதுவும் கோடையில் இன்னும் குறைவாக. தலை, காது, உள்ளங்கால் இந்த மூன்று இடத்துக்கும் எண்ணெய் தவறக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ராத்திரி பாதத்தைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவும் சாக்கில் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடுங்க. உணர்ச்சி மரத்துப்போன காலில் முள் குத்தியது உங்களுக்குத் தெரியாது, கண்தான் சொல்லணும். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

உள்ளிருந்து வரும் சேதியைக் கேட்பது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 1906-லேயே ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் இந்த உட்புலனுக்குத் தனியாகப் பெயர் வைத்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர். 1981-ல் ஷான்ட்ரி என்பவர் ஒரு சோதனை வைத்தார். அதை இப்பவே நீங்களும் செய்யலாம். நாடியைத் தொடாமல், கண்ணை மூடி, உங்கள் இதயத்துடிப்பை அரை நிமிஷம் எண்ணுங்க. அடுத்த அரை நிமிஷம் நாடியைப் பிடித்து எண்ணுங்க. பலருக்கு இரண்டும் ஒத்துப்போகாது. நமக்குள்ளே நடப்பது நமக்கே சரியாகக் கேட்பதில்லை.

சரி, கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டும் போக இடமில்லை என்றால்?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆசிரியைகள் பதினெட்டு பேருக்கு ஒரே கழிப்பறை. அதுவும் பல நாள் தண்ணீர் வராது. காலையில் வீட்டை விட்டால் மாலை வீடு திரும்பித்தான். மூன்று வருஷத்தில் ஐந்து தடவை சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் கொடுத்து ஆங்கில வைத்தியம்தான் காப்பாற்றியது. நன்றி கெட்டுப் பேசமாட்டேன். பிறகு ஒரு ஆயுர்வேத வைத்தியர்தான் இந்த 13 வேகங்களை எழுதிக் கொடுத்து, "இதில் மூன்றாவதைப் படிங்கம்மா" என்றார். சிறுநீரை அடக்கினால் மூத்திரப்பையில் வலி, கல் என்று எழுதியிருந்தது.

இன்றைய விளக்கமும் கேளுங்க. சிறுநீர்ப்பையில் சுமார் 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் சேதி வரும். 400, 500-க்கு மேல் தாங்குவது சிரமம். பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 வரை இருக்கும். கிருமி உள்ளே ஏற அந்தச் சின்னத் தூரம் போதும். அடிக்கடி போனால் கிருமி கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். தேங்கினால் பெருகும். இதில் இன்னொரு கொடுமை, போக இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு வேகத்தை அடக்குகிறோம், தாகத்தையும் சேர்த்து. சித்திரையில் 40 டிகிரி அடிக்கிற மதுரையில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் கல் வராமல் என்ன செய்யும்?

போன மாதம் நம் கல்லூரிக்குப் போயிருந்தேன். திருமங்கலம், காரியாபட்டி, திருப்புவனம் என்று நாலா பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகள். ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் வீடு திரும்ப ஆறு. பெண்கள் பக்கம் நான் படித்த காலத்துக் கழிப்பறைதான் இன்னமும். நான்கில் இரண்டு பூட்டிக் கிடக்கிறது. சாவி ஆபீஸில். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி வெளியே கதவைப் பிடித்து நிற்கணும். "பாட்டில் கொண்டு வருவீங்களாம்மா?" என்றேன். "கொண்டு வருவோம் டீச்சர், குடிக்கமாட்டோம்" என்றாள் ஒரு பெண். அவளிடம் போய் நான் தினசரி ஒழுக்கம், உடல் கவனம் என்று பேசினால் அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

இன்றைய நிகழ்ச்சி நிரலில், நுழைவாயிலில் சங்கத்தின் பெயரில் அலங்கார வளைவு கட்டுவது என்று ஒரு தீர்மானம் இருக்கிறது. பெரியவர்கள் கோபிக்கக் கூடாது. வளைவு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பணத்தில் பெண்களுக்கு எட்டு, ஆண்களுக்கு நான்கு கழிப்பறை, மேலே தண்ணீர்த் தொட்டி, துப்புரவு செய்கிற அம்மாவுக்கு மாதாமாதம் சம்பளம், இவ்வளவையும் முதலில் பார்ப்போம் என்று திருத்தம் முன்மொழிகிறேன். வழிமொழிய யாராவது எழுந்தால் நன்றாக இருக்கும். சாவி ஆபீஸில் இருக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்க. பொருளாளர் தம்பி நோட்டை எடுத்துவிட்டார் போலிருக்கே. முதல் பெயராக என்னோடதைப் போட்டுக்கோப்பா, பத்தாயிரம்.