யாரோடு யாரை ஒப்பிடுவது?



மூளையைப் படமெடுத்து இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வை எப்படி வடிவமைப்பது என்பது என் பொருள். நாமக்கல் மண்ணில் இதைப் பேச லாரி ஓட்டுநரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் பெற வேண்டுமானால் நகரத்தின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு தேர்வெழுத வேண்டும். எலினார் மக்வயரும் அவருடைய குழுவினரும் அப்படித் தேறிய 16 ஓட்டுநர்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, டாக்சி ஓட்டாத 50 பேருடன் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். இடநினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் ஓட்டுநர்களுக்குப் பெரிதாக இருந்தது. முன்புறம் சிறிதாக இருந்தது. அதற்குக் காரணம் வழியறிவுதானா, அல்லது நாள் முழுதும் நெரிசலில் வண்டி ஓட்டுவதா? 2006இல் விடை தேடியபோது அவர்கள் ஒப்பீட்டுக் குழுவையே மாற்றினார்கள். ஒரே தடத்தில் போய்வரும் பேருந்து ஓட்டுநர்கள் 17 பேரை எதிரில் நிறுத்தினார்கள். ஓட்டிய ஆண்டுகளும் மன அழுத்தமும் இரு பக்கமும் ஒத்திருந்தன. வேறுபாடு அப்போதும் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழுவை மாற்றியதே இந்தத் துறையில் நான் மிக உயர்வாக மதிக்கும் முடிவு. கேள்விக்குரிய விடையை அவர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போதே தேடினார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். வடமாநிலங்கள் வரை போய்வரும் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுநர்களை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். எதிரில் கல்லூரி ஆசிரியர்களை நிறுத்தினால் படிப்பு, உணவு, வருமானம், தூக்கம் எல்லாமே வேறு. மூளையில் காணும் வேறுபாட்டை எதன் கணக்கில் எழுதுவது? லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளர்கள் நல்ல தேர்வு. அதே கிராமம், அதே பள்ளி. சேலம்–நாமக்கல் தடத்தில் மட்டுமே ஓடும் பேருந்து ஓட்டுநர்கள் இன்னும் நல்ல தேர்வு.

அப்படியும் வயது முழுக்க ஒத்துவராது. அங்கேதான் கோவேரியேட், அதாவது உடன்மாறி, உதவிக்கு வருகிறது. ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ஃபிஷர் வளர்த்த முறை இது என்பதால் கோழிப்பண்ணை வழியாகவே சொல்கிறேன். கோழிக்கு வயது ஏற ஏற முட்டையின் எடையும் ஏறும். இரண்டு தீவனங்களை இரண்டு கொட்டகைகளில் ஒப்பிடும்போது கோழிகளின் வயது சற்றே முன்பின்னாக இருந்தால், அந்த ஏற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஒரு கொட்டகையில் 25 வாரக் கோழிகளும் மற்றதில் 70 வாரக் கோழிகளும் மட்டுமே இருந்தால் கழிக்க வழியே இல்லை. தீவனமும் வயதும் ஒன்றாகப் பின்னிக்கொண்டுவிட்டன. கணினி அப்போதும் ஓர் எண்ணைத் தரும். அதை நம்பக் கூடாது.

மூளை ஆய்விலும் கணக்கு இதுதான். மூளைப் படத்தை 2 மில்லிமீட்டர் கனக்கட்டங்களாகப் பிரித்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே அட்டவணை. ஆளுக்கு ஒரு வரிசை. லாரி ஓட்டுநருக்கு ஒரு நிரல், பேருந்து ஓட்டுநருக்கு ஒரு நிரல், வயதுக்கு ஒன்று, மண்டையோட்டின் உட்கொள்ளளவுக்கு ஒன்று. வயதின் விளைவு இரு குழுவிலும் ஒரே சாய்வில் போகிறது என்று இந்த அட்டவணை எடுத்துக்கொள்கிறது. அது சரிதானா என்று பார்க்கக் குழுவுக்கொரு வயது நிரல் வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது எல்லோருடைய வயதிலிருந்தும் மொத்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் குழு வேறுபாடு என்று வெளிவருவது சுழிய வயதில், பிறந்த குழந்தையின் வயதில், உள்ள வேறுபாடு. அந்தந்தக் குழுவின் சராசரியைத் தனித்தனியே கழிப்பதும் ஆகாது. குழுக்களுக்கு இடையிலான வயது வித்தியாசம் திருத்தப்படாமலே நின்றுவிடும்.

தூக்கம் எனக்கு மிகவும் கவலை தரும் உடன்மாறி. இரவெல்லாம் ஓட்டுவதால்தான் ஓட்டுநர் தூக்கம் இழக்கிறார். தூக்க நேரத்தை ஒரு நிரலாகச் சேர்த்தால் தொழில் அவர் உடலில் செய்த வேலையில் ஒரு பகுதியை நாமே துடைத்துவிடுகிறோம். வழியறிவை மட்டும் அறிய விரும்பினால் சேர்க்கக் காரணம் உண்டு. லாரித் தொழில் மூளையை என்ன செய்கிறது என்று கேட்டால் சேர்க்கக் கூடாது. ஒரே தரவை வைத்துக்கொண்டு இரு புள்ளியியலாளர்கள் நேரெதிர் முடிவுக்கு வரக்கூடும் என்று ஃபிரெடரிக் லார்ட் 1967இல் இரண்டு பக்கக் கட்டுரையில் காட்டினார். எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாகும்வரை அந்தச் சிக்கல் தீராது. லாரி ஓட்டுநர்களைச் சேலத்திலும் மற்றவர்களைக் கோவையிலும் ஸ்கேன் எடுத்தால், எந்தக் கேள்வி கேட்டாலும் பயனில்லை. கருவிக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு குழு வேறுபாடாக உட்கார்ந்துவிடும்.

காரணத்தை உறுதியாகச் சொல்ல, அதே ஆளை முன்னும் பின்னும் பார்ப்பதே வலுவான வழி. உரிமத்துக்குப் படிக்கத் தொடங்கிய 79 பேரை லண்டன் குழு பின்தொடர்ந்தது. 39 பேர் தேறினார்கள். தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. பின்புற ஹிப்போகாம்பஸ் வளர்ந்தது தேறியவர்களுக்கு மட்டுமே. 2011இல் வெளிவந்த முடிவு இது.

ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுநர் ஒருவர் ஒரு நடையின் வருமானத்தை விட்டுவிட்டு உங்கள் கருவிக்குள் வந்து படுப்பார். அவரை அழைப்பதற்கு முன்பே கேள்வி என்ன, எதிர்க்குழு யார், எந்த உடன்மாறி, ஏன் என்பதை எழுதி, புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.