மோட்டாரைக் காப்பாற்றும் இரண்டு கணக்குகள்



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற ஆள் இன்றைக்குக் கரண்டைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நினைக்காதீங்க. நெற்கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மோட்டார் படுத்துவிட்டால், நீங்கள் போட்ட உரமும் வீண், நான் சொன்ன யோசனையும் வீண்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. 5 எச்.பி. மோட்டார். ஒரே கோடையில் இரண்டு தடவை காயில் கருகிப்போச்சு. காயில் கட்டிய செலவு ஒரு பக்கம், பயிர் வாடியது இன்னொரு பக்கம். "மோட்டாரே ராசியில்லைங்க ஐயா, வித்துட்டு வேற வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். "கொஞ்சம் பொறுங்க பெரியவரே" என்று சொல்லி, ஒயர்மேனைக் கூட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே நாங்கள் போட்டுப் பார்த்தது இரண்டே கணக்குதான். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மின்சாரத்தைத் தள்ளுகிற அழுத்தத்தை வோல்ட் கணக்கில் சொல்கிறோம். ஓடுகிற அளவு ஆம்பியர். ஓட்டத்தை மறிக்கிற தடை ஓம். வாய்க்காலில் கோரை முளைத்தால் தண்ணீர் தேங்குகிறதல்லவா, அதுமாதிரிதான் இந்தத் தடையும். ஜெர்மனி தேசத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் ஓம் என்பவர் 1827-இல் இதைப் புத்தகமாக எழுதி வைத்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை எத்தனை ஓம் என்று தெரியும். இது முதல் கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் எத்தனை வாட் சக்தி செலவாகிறது என்று தெரியும். இது இரண்டாவது கணக்கு.

ஒரு எச்சரிக்கை. மூன்று பேஸ் மோட்டாருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது. அதற்கு வேறு பெருக்கல்களும் உண்டு. ஆனால் ஒயர், ஜாயிண்ட், பியூஸ் கட்டை இவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

மோட்டாரை ஓடவிட்டு, ஒயர்மேன் ஒவ்வொரு பியூஸ் கட்டையின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். இரண்டு கட்டைகளில் முள் அசையவே இல்லை. அதுதான் சரி. மூன்றாவதில் 4 வோல்ட் காட்டியது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது 8 ஆம்பியர்.

4-ஐ 8-ஆல் வகுத்தால் அரை ஓம். 4-ஐ 8-ஆல் பெருக்கினால் 32 வாட்.

32 வாட் ஒரு பிரமாதமா என்று கேட்பீங்க. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கிற கோலைப் பார்த்திருப்பீங்க. அதில் 25 வாட் கோலே ஈயத்தை உருக்கிவிடும். அதைவிடக் கூடுதலான சூடு, மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் இவருடைய பியூஸ் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது! கட்டையைக் கழற்றினால் பித்தளை கறுத்து, பிடிப்பு தளர்ந்து கிடந்தது.

சூடு ஏற ஏறப் பிடிப்பு தளரும். பிடிப்பு தளரத் தளரத் தடை கூடும். தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் ஒரு நாள் அந்த பேஸ் அற்றுப்போகும். மூணு பேர் தூக்கின மூட்டையை ரெண்டு பேர் தூக்கின மாதிரி, மற்ற இரண்டு பேஸிலும் 8 ஆம்பியர் இருந்த இடத்தில் ஏறக்குறைய 14 ஆம்பியர் ஓடும். அப்போது ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே மோட்டாரை நிறுத்த வேண்டும். பெரியவரோ, "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று ரிலேயைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். பியூஸிலும் தடித்த கம்பி. பிறகு காயில் கருகாமல் என்ன செய்யும்?

பம்புசெட்டுக்குக் கரண்ட் இலவசம்தானே, 32 வாட் போனால் போகட்டும் என்று விட்டுவிடாதீங்க. கரண்டுக்குத்தான் காசில்லை, காயிலுக்கும் பயிருக்கும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். கறுப்போ, கருகிய வாடையோ, தளர்ச்சியோ இருந்தால் கட்டையை மாற்றிவிடுங்கள். பியூஸுக்கு ஒயர்மேன் சொன்ன கம்பிதான். ரிலேயைக் கட்டி வைக்காதீங்க. அது ட்ரிப் ஆனால் ஏன் ஆச்சு என்று பாருங்க. மோட்டார் நன்றாக ஓடும்போது மூன்று பேஸிலும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று கேட்டு, கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு பேஸில் அளவு மாறினால் உடனே ஆள் கூப்பிடுங்கள். கரண்ட் ஓடும்போது மீட்டர் வைத்துப் பார்ப்பது ஒயர்மேன் வேலை. ஈரக்காலோடு நிற்கிற நீங்கள் அதில் கை வைக்கவே கூடாது.

அந்தப் பெரியவர் மோட்டாரை விற்கவில்லை. மூன்று பியூஸ் கட்டைகளையும் மாற்றினார், ரிலேயில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். அதற்குப் பிறகு அந்த மோட்டார் காயில் கட்டப் போகவில்லை.