வீட்ல கேட்டுச் சொல்றேன்



நினைவுச் சொற்பொழிவு என்றதும் இலக்கியம் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் வாடகை வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் மூன்று பேர் சிதம்பரத்தில் சமூகவியல் முதுகலை படித்தோம். விடுதியில் இடமில்லை. தேரோடும் நான்கு வீதிகளையும் அவற்றின் சந்துகளையும் சுற்றினோம். கல்லூரி ஊர் அது. மெஸ், ஜெராக்ஸ் கடை, டீக்கடை எல்லாம் மாணவர்களை நம்பியே நடப்பவை. அங்கெல்லாம் எங்கள் காசு செல்லும். ‘டூ லெட்’ பலகைக்குக் கீழே மட்டும் செல்லவில்லை.

யாரும் சாதியைக் கேட்கவில்லை. “எந்த ஊரு தம்பி?” ஊரைச் சொன்னால், “அதுல எந்தத் தெரு?” தயங்கினால், “குலசாமி எது?” எங்கள் வகுப்பில்கூட இவ்வளவு கூர்மையான கேள்வித்தாளை நாங்கள் தயாரித்ததில்லை. கடைசியில், “வீட்ல கேட்டுச் சொல்றேன்.” பலகை மறுநாளும் தொங்கும்.

இந்தப் பதிலை எங்களுக்கு முன்பே கேட்டவர் ஒருவர் உண்டு. 1917. நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசுப் பணிக்குப் போகிறார். தங்க இடமில்லை. நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில், பார்சிப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு, பார்சி விடுதியில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொல்கிறது. இந்து நண்பரிடம் போனால், நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறித்தவ நண்பர், மனைவி நாளை வருகிறாள், அவளைக் கேட்க வேண்டும் என்கிறார். பாருங்கள், அதே பதில்! ரயில் வரும்வரை காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார் பாபாசாகேப்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. நம் கல்வி வரலாற்றில் பாதி, விடுதிகளின் வரலாறு. படிக்க வந்தவனுக்கு ஊர் கூரை தராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1955இல் ஒரு சட்டம் வந்தது, 1989இல் இன்னொன்று. சிதம்பரம் நாடாளுமன்றத் தனித்தொகுதியும்கூட. இருக்கட்டும். “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்பதை எந்தப் பிரிவில் புகாராக எழுதுவது?

நாங்கள் புகார் எழுதவில்லை. பொய் சொன்னோம். தெருவை மாற்றினோம், குலசாமியை மாற்றினோம். மாடியறை ஒன்று கிடைத்தது. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். அது தொண்டையில் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

ஒருநாள் எங்களில் ஒருவரின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். பூத்திலிருந்து எதிர்க்கடைக்குப் போன் செய்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. வீட்டுக்காரம்மா “எந்தத் தெரு?” என்று கேட்டால் நிமிர்ந்து சொல்லிவிடுவார். மூன்று பேரும் பேருந்து நிலையத்துக்கு ஓடினோம். அறையில் வெள்ளையடிக்கிறார்கள் என்றோம். சமூகவியல் படித்தவர்கள், அம்பேத்கர் படம் போட்ட துண்டறிக்கை கொடுத்தவர்கள், ஒரு தாயை வாசல்படி ஏறவிடாமல் நிறுத்தினோம்.

தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். சிமென்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கேட்டார்:

“வூடு எப்பிடிடா இருக்குது, காத்து வருதா?”

வருது என்றோம்.