பதினொன்றாம் வகுப்பில் மூடிய கதவு



வேலூர்ப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு கிடையாது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. நானும் பதினெட்டு வயதில் சிப்பாயாகப் போய் ஹவில்தாராகத் திரும்பியவன்தான். அந்த உடுப்பைக் குறைத்துப் பேச எனக்கு நாக்கு வராது. ஆனாலும் இன்று கோபத்தோடுதான் வந்திருக்கிறேன்.

மேடை ஏறும்போது ஒரு தம்பி வழிமறித்துக் கேட்டான்: "பெரியப்பா, ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா? எதில் சேரட்டும்?" என்ன குரூப் என்றேன். காமர்ஸ் என்றான். எனக்கு நெஞ்சை அடைத்தது. ஏனென்றால் அவன் இன்று கேட்கிற கேள்விக்குப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்த அன்றே பாதி பதில் எழுதியாகிவிட்டது. எழுதியது அவன் இல்லை. "கணக்கு இவனுக்கு வராது" என்று சொன்ன பெரியவர்கள், நாம்!

புனே அருகே கடக்வாஸ்லாவில் தேசிய பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. என்.டி.ஏ. என்பார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு அதிகாரியாகப் போகிற வழி அது. மூன்று வருஷப் படிப்பு, பயிற்சி, சாப்பாடு எல்லாம் அரசு செலவு. தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப் படித்தவனும் விண்ணப்பிக்கலாம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். ஆக, எந்தப் படை என்பது பதினைந்து வயதில், பள்ளி அலுவலகத்தில், ஒரு படிவத்தில் முடிந்துபோகிறது. அதை அந்தப் பிள்ளையிடம் யாராவது சொன்னோமா?

சொல்ல மாட்டோம். நமக்குத் தெரிந்ததெல்லாம் சிப்பாயாகச் சேர்கிற அக்னிவீர் ஒன்றுதான். அதற்காகப் பிள்ளைகளை விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடவிடுகிறோம், கயிறு ஏறவிடுகிறோம். 2022-இல் வந்த அந்தத் திட்டத்தில் நான்கு வருஷம்தான் வேலை. நூற்றில் 25 பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். நான் மாதாமாதம் வாங்குகிறேனே பென்ஷன், அது அவர்களுக்குக் கிடையாது. போகாதே என்று நான் சொல்லவில்லை. போகிறவன் திரும்பி வரும்போது கையில் ஒரு தொழில் இருக்கிற பிரிவாகப் பார்த்துப் போகட்டும். ஆனால் அந்த ஒரு வாசலை மட்டும் காட்டி, "உனக்கு இவ்வளவுதான்" என்பது அநியாயம்.

என் படைப்பிரிவுக்கு ஒரு லெப்டினன்ட் வந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். நான்தான் அவருக்கு விறைத்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். அடித்தேன், மரியாதையோடுதான். ஒரு ராத்திரி டியூட்டியில் பேச்சோடு பேச்சாகப் பிளஸ் டூ மார்க் வந்தது. கணக்கில் அவருக்கும் எனக்கும் நான்கு மார்க்தான் வித்தியாசம்! அவருடைய மாமா என்.டி.ஏ. விண்ணப்பத்தை வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். நான் படித்த பள்ளியில் அந்தப் பெயரைக்கூட யாரும் உச்சரித்ததில்லை.

தாய்மார்களே, உங்கள் மகள்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2025 மே மாதத்தில் முதல் பெண்கள் அணி, 17 பேர், கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள்.

இப்போது டெல்லிக்கு ஒரு கேள்வி. தரைப்படை அக்னிவீர் எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாம். என்.டி.ஏ. வினாத்தாள் மட்டும் ஏன் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வருகிறது? சிப்பாயாவதற்குத் தமிழ் போதும், அதிகாரியாவதற்குப் போதாதா? ஜெனரல் குமாரமங்கலத்தையும் ஜெனரல் சுந்தர்ஜியையும் தளபதிகளாகத் தந்த மண் கேட்கிறது! கேட்டால் நடக்கும். மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வும் ஆங்கிலம், இந்தி என்றுதான் இருந்தது. 2023-இல் தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் அதை எழுதலாம். ஆங்கில அறிவைச் சோதிக்க ஒரு பகுதி இருக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கையும் அறிவியலையும் தமிழில் கேள்!

அந்தக் காமர்ஸ் தம்பி எங்கே? எழுந்து நில். தரைப்படைக் கதவு உனக்கு இன்னும் திறந்துதான் இருக்கிறது. தேர்வில் கணக்குக்கு 300 மார்க், அதைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு இரண்டு தேர்வு, வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். கூட்டம் கலைந்ததும் போய்விடாதே. உன் பிறந்த தேதியைக் கொண்டு வா, எத்தனை முறை எழுதலாம் என்று உட்கார்ந்து எண்ணுவோம்.