கார் சொன்ன ஜாதகம்

(சங்கத்தின் திருவனந்தபுரம் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"வாலிபர்களும் வேகமும்" என்று காரியதரிசி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். எழுபதைத் தாண்டியவனிடம் இதைக் கொடுத்தால் வாலிபர்களை நன்றாகத் திட்டுவான் என்று நினைத்திருப்பார். நான் இன்று ஒரு கிழவனைத்தான் திட்டப் போகிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறவனைப் பற்றி நம் மனதில் ஒரு சித்திரம் இருக்கிறது. அப்பன் பணம், கறுப்புக் கண்ணாடி, ராத்திரியில் ஊர் சுற்றல், யாரையும் மதிக்காத திமிர். அவன் பேர் தெரியாது, ஊர் தெரியாது. குணம் மட்டும் நமக்குத் தெரிந்துவிடும்.

2018-ல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நடிகர் பிருத்விராஜ் லம்போர்கினி கார் வாங்கினார். நம் ஊரில் இருக்கும் அவர் தாயார் மல்லிகா சுகுமாரன், வீட்டு ரோடு மோசமாக இருப்பதால் பிள்ளையால் அந்தக் காரை இங்கே கொண்டுவர முடியவில்லை என்று ஒரு பேட்டியில் சொன்னார். பணத்திமிர் என்று ஊரே கேலி செய்தது. நானும் சிரித்தேன். அதற்குள் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த மாதிரிக் காரின் அடிப்பாகம் தரையிலிருந்து சுமார் 5 அங்குல உயரத்தில்தான் இருக்கும். குழியில் இறங்கினால் தட்டும். அந்த அம்மாள் ரோட்டைப் பற்றிச் சொன்னார். நம் காதில் பணம் மட்டும் விழுந்தது. இன்னொன்று. விலை உயர்ந்த கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்து கேரள வரியைத் தட்டிக் கழிக்கிறார்கள் என்று அதற்கு முந்தைய வருஷம்தான் பேப்பரில் அடிபட்டது. இவரோ கேரளத்திலேயே பதிவு செய்து 40 லட்சத்துக்கு மேல் வரி கட்டினார். கேலி செய்த யாரும் அதைச் சொல்லவில்லை.

நான் பிஸிக்ஸ் படித்தவன். ஓடும் வண்டியின் ஆற்றல் எடையைப் பொறுத்தது. அதைவிட, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றரை டன் ஸ்போர்ட்ஸ் கார் 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதில் பாதி எடையுள்ள சின்னக் கார் 80-ல் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சின்னக் காரிடம்தான் இரண்டு மடங்கு ஆற்றல். இந்த சூத்திரத்தில் காரின் பேருக்கும் விலைக்கும் இடமில்லை.

1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்கள். டாக்டர், வக்கீல் வீடுகளில் நின்ற மரியாதையான கார். இங்கிலாந்தில் அதே ஹெரால்டின் சாஸியைக் குறுக்கி, 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தார்கள். எலும்பு ஒன்று, சட்டை வேறு. நாம் சட்டையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறோம். உத்ராடம் திருநாள் மகாராஜா (1922–2013) தம் பழைய பென்ஸ் காரை ஆசையாக வைத்திருந்தார்; ரசனை என்று மெச்சினோம். அதே ஆசை 25 வயதுப் பையனுக்கு வந்தால் திமிர் என்கிறோம்.

பொறுப்பில்லாமல் ஓட்டுகிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். கவடியார் ரோட்டில் ராத்திரிப் பந்தயம் விடும் பைக்குகளால் தூக்கம் கெட்டவர்கள் இங்கேயே இருக்கலாம். அவர்களைப் போலீஸ் பிடிக்கட்டும். அது செய்த காரியத்துக்குத் தண்டனை. ஆனால் சத்தம் போட்டுப் போன ஒருவன் ஞாபகத்தில் நிற்கிறான். ஒழுங்காகப் போன பத்துப் பேர் நிற்பதில்லை.

இது நமக்குத் தெரியாததா? கேரளத்தில் 'பட்டர்' என்றாலே கஞ்சன், சாப்பாட்டுராமன், பயந்தாங்கொள்ளி என்று கதை கட்டிச் சிரித்திருக்கிறார்கள். ஆபீஸில் நானும் கூடவே சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனம் புழுங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் செய்ததைக் கேளுங்கள்.

2004-ல் என் தங்கை பெண்ணுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு டெக்னோபார்க்கில் வேலை. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க வந்த அன்று அவன் அப்பாவும் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பிள்ளை சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தான். இரண்டே சீட். சொஜ்ஜி, பஜ்ஜி ஆயிற்று, எல்லோருக்கும் பிடித்திருந்தது. குடும்பத்தில் மூத்தவன் நான். "பெத்தவாளை ஆட்டோவில ஏத்திட்டுத் தான் மட்டும் சொகுசா வரவன், நம்ம பொண்ணை எப்படி வெச்சுப்பான்?" என்றேன். அதோடு பேச்சு நின்றது. பையனின் அப்பா போனில் காரணம் கேட்டார். "வேற ஜோசியர்கிட்ட காட்டினோம். ஒத்து வரலை" என்றேன்.

ஆறு வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "ஆத்துக்காரிக்கு முழங்கால் வலி. அந்தக் கார் தரையோட தரையா இருக்கும். உட்கார்ந்தா எழுந்துக்க முடியாது. அதான் அன்னிக்கு நாங்க ஆட்டோவில வந்தோம்." வீட்டுக் கடனை அடைத்த பிறகு பையன் தன் சம்பளத்தில் பழையதாக வாங்கிய கார் அது. கோவாவில் செய்த 'சான் ஸ்டார்ம்'. 1,149 சி.சி. என்ஜின், 60 குதிரை சக்தி. ஏறக்குறைய அந்நாளைய சான்ட்ரோவின் சக்திதான். கூரை திறக்கிறது என்பதற்காக நான் அவனைத் தறுதலை ஆக்கிவிட்டேன். அப்போதும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பரிமாற வந்தவரிடம், "ஸாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடுங்கோ" என்றார் அவர்.

தங்கை பெண் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டு சௌக்கியமாக இருக்கிறாள். அந்தப் பையனும் நன்றாக இருக்கிறான். நஷ்டம் யாருக்கு என்று கேட்கலாம். சர்க்கார் உத்தியோகத்தில் பைலைப் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு மனிதன் விஷயத்தில், வாசலில் நின்ற காரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "ஏன் ஆட்டோவில் வந்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். வரன் பார்க்கும் பெரியவர்கள் அந்த ஒரு வார்த்தையைக் கேளுங்கள்.

அவர் இப்போது பிள்ளையோடு பெங்களூரில் இருக்கிறார், நம் அங்கத்தினர். இந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தால் அவர் கண்ணிலும் படும். ஜாதகத்தில் ஒரு தோஷமும் இல்லை, ஸார். தோஷம் என்னிடம்தான்.